மைதா விளையாட்டு மாவு மூன்றே நாளில் பூசணம் பிடித்தால்

குழந்தை உருட்டி விளையாட இரண்டு கரண்டி உப்புடன் பச்சையாகப் பிசைந்த மைதா மாவு கையில் ஒட்டி, மூன்றாம் நாள் பூசணமும் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பைப் பல மடங்கு கூட்டி, மாவை அடுப்பில் கிண்டி எடுங்கள்.

ஒரு கோப்பை மைதா, அரைக் கோப்பை தூள் உப்பு, ஒரு கோப்பை தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதே அளவு எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டினால் கொழுக்கட்டை மாவைப் போலத் திரண்டு வரும். வெந்த மாவு தண்ணீரைத் தன்னுள் பிடித்துக்கொள்வதால் ஒட்டுவது நிற்கும். உப்பும் புளிப்பும் பூசணத்தைத் தாமதப்படுத்தும்.

நெல்லிக்காய் அளவு உருட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் பிசுபிசுத்தால் இன்னும் இரண்டு நிமிடம் கிண்ட வேண்டும். சூட்டோடு டப்பாவில் மூடிவிட்டால் மூடியில் வியர்க்கும் நீரே மறுபடி பூசணத்துக்கு இடம் கொடுக்கும் என்பதால், முழுவதும் ஆறிய பிறகே காற்றுப் புகாமல் மூடுங்கள்.

இவ்வளவு உப்புள்ள மாவை விழுங்குவது சிறு குழந்தைக்கு ஆபத்தானது. எதையும் வாயில் வைக்கும் வயதென்றால் இதைத் தரவே வேண்டாம். உப்பில்லாமல் வெந்நீரில் கிளறி வேகவைத்த அரிசி மாவைக் கொடுத்து, அன்றே எறிந்துவிடுங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் மைதா ஆகாது.