வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

கேள்வி: தஞ்சாவூரில் ஐந்து மாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் இருக்கிறோம். சித்திரை பிறந்தால் ராத்திரி பதினொரு மணிக்கும் சீலிங் அனலாகக் கொதிக்கிறது, ஏசி போட்டால் கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை. கனடாவில் இருக்கும் மகன், அங்கே பழைய அடுக்குமாடிகளுக்குச் சுவரைச் சுற்றி இன்சுலேஷன் (சூடு கடக்காத உறை) போட்டு மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல் வைக்கிறார்கள், நீங்களும் அதையே செய்யுங்கள் என்கிறான். செய்யலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: மகன் சொல்வது அந்த ஊருக்குச் சரிதான் அம்மா. ஹாமில்டன் நகரில் 1967-இல் கட்டிய 18 மாடி கென் சோபிள் டவரை அப்படித்தான் 2021-இல் புதுப்பித்து முடித்தார்கள். அங்கே ஹீட்டர் தரும் சூடு வெளியே போகக்கூடாது. நமக்கோ வெயில் உள்ளே வரக்கூடாது, காற்று மட்டும் வர வேண்டும். வீட்டை டப்பா மாதிரி அடைத்தால் புழுக்கம்தான் மிஞ்சும், ஐப்பசி அடைமழையில் சுவரில் பூசணம் வேறு பிடிக்கும். பணத்தை அதில் போடாதீர்கள்.

முதல் வேலை மொட்டை மாடி. தஞ்சாவூரில் சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது, அதனால் எந்தச் சுவரையும்விடத் தளம்தான் அதிகச் சூட்டை வாங்குகிறது, பகலெல்லாம் வாங்கியதை ராத்திரியில் மெதுவாகக் கீழே விடுகிறது, பதினொரு மணிக்கு உங்களை வாட்டுவது அதுதான். விரிசல்களை அடைத்துவிட்டு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள், அல்லது வெள்ளை டைல்ஸ் பதியுங்கள். சுண்ணாம்பும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் பாதிக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தபோது மதியம் வெறுங்காலோடு இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன், அடிக்காத பக்கத்தில் அரை நிமிடம் நிற்க முடியவில்லை.

'மேல்தளத்துக்காரர்தானே அனுபவிக்கிறார், அவரே கொடுக்கட்டும்' என்று அசோசியேஷனில் கட்டாயம் சொல்வார்கள். விடாதீர்கள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கித் தளம் வெடித்தால் ஒழுகும் தண்ணீர் மேல்தளத்தோடு நிற்காது, கம்பி துருப்பிடித்தால் கட்டடத்துக்கே கேடு. மாடியில் சோலார் போடுவதைப் பற்றியும் அதே கூட்டத்தில் பேசுங்கள்: லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுத் தேவைக்குப் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, உயர்த்தி வைத்த பேனல் தளத்துக்கு நிழலும் தரும்.

அப்புறம் மேற்குச் சுவர். சாயங்கால வெயில் அங்கேதான் அடிக்கிறது, ஆடிக் காற்றும் அங்கிருந்துதான் வருகிறது, ஆகவே கண்ணாடி போட்டு மூடாமல், ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி மூங்கில் தட்டியோ நிழல் வலையோ மாட்டுங்கள், காற்றில் பிய்த்துக்கொண்டு கீழே விழாதபடி கெட்டியாகக் கட்ட வேண்டும். உள்ளே திரை போடுவதில் பெரிய பலன் இல்லை, அதற்குள் சூடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வெளிச்சுவருக்கும் வெளிர் நிறமே நல்லது. நம்மைப் போலவே புழுக்கமான சிங்கப்பூரில், தெம்பனிஸ் பகுதி அடுக்குமாடிகளுக்குச் சூட்டைத் திருப்பும் பெயின்ட் அடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த பிஎல்டிசி (BLDC) ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடும் இரண்டு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாத பில்லில் சுமார் 65 யூனிட் குறையும். ஃபேனை ஓடவிட்டு ஏசியை 26-இல் வையுங்கள்.

மாசியிலேயே விரிசல் வேலையை ஆரம்பித்தால் பங்குனி வெயிலுக்குள் வெள்ளை அடித்து முடித்துவிடலாம்.