சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய யாஷிகாவை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார். அவருடைய அப்பா எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமராவை 3,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். லீவரைத் தள்ளிப் பொத்தானை அழுத்தினால் ‘கிளிக்’ சத்தம் நன்றாக வருகிறது. பேட்டரி இல்லை, பேட்டரி போடும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறது. பின்கதவைத் திறந்தால் ஓரங்களில் கறுப்பாகப் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. லென்ஸுக்குள் மெல்லிய வலை மாதிரி ஏதோ தெரிகிறது. வாங்கலாமா? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வாங்கலாம், ஆனால் பணத்தை இன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதில் உங்களுக்குத் தைரியம் தந்த விஷயம் அந்தக் ‘கிளிக்’தான். இந்த மாடலில் அதை நம்பவே கூடாது. உங்களைப் பயமுறுத்திய பச்சையும் பிசுபிசுப்பும் நூறு இருநூறு ரூபாயில் தீர்ந்துவிடும்.

எலெக்ட்ரோ 35 வரிசை 1966-இல் வந்தது, ஜிஎஸ்என் 1973-இல். அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளையின் அளவை மட்டும் நாம் வைக்க வேண்டும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை, வெளிச்சத்தை அளந்து, உள்ளே இருக்கும் மின்சுற்று முடிவு செய்யும்: 30 நொடியில் தொடங்கி 1/500 நொடி வரை. பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் விழும். ஆனால் வெயிலோ இருட்டோ, எப்போதும் 1/500 நொடியில்தான் விழும். மின்சுற்று செத்துப்போன கேமராவும் அதே அழகோடு ‘கிளிக்’ என்று சொல்லும். பழைய சாமான் விற்பவர்கள் ‘நல்லா ஓடுது சார்’ என்று அழுத்திக் காட்டுவது இதைத்தான். அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கும் தெரியாது.

ஆகவே முதல் வேலை, பேட்டரி போட்டுப் பார்ப்பது. இந்தக் கேமராவுக்கென்று வந்தது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த வகையே கடைகளிலிருந்து போய்விட்டது. தேடி அலைய வேண்டாம். வாட்ச் கடையில் எல்ஆர்44 பட்டன் செல் நான்கு வாங்குங்கள். நான்கும் சேர்ந்தால் 6 வோல்ட். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே திசை பார்க்கும்படி அடுக்கித் தடித்த காகிதத்தில் இறுக்கிச் சுருட்டுங்கள். பழைய பேட்டரி இதைவிடத் தடிமன், நீளமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பக்கவாட்டில் ஆடாத அளவுக்குக் காகிதத்தைச் சுற்றி, நீளத்தில் மிஞ்சும் இடத்தைப் பழைய டார்ச்சின் ஸ்பிரிங்கை வைத்து நிரப்பிவிடலாம். 4எல்ஆர்44 என்று ஒரே துண்டாகவும் கிடைக்கிறது. 0.4 வோல்ட் கூடுதலாகப் போவதால் படத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. எந்த முனை எந்தப் பக்கம் என்பதை மட்டும் பேட்டரி அறையில் உள்ள குறியைப் பார்த்துப் போடுங்கள்.

அதற்கு முன் அந்தப் பச்சையை எடுக்க வேண்டும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டிலேயே செய்துவிடலாம், பத்து நிமிட வேலை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அங்கே கசிந்தது பாதரச பேட்டரியாக இருந்திருக்கலாம். காது குடையும் பட்ஸில் வினிகரை லேசாகத் தொட்டு உலோக முனைகளைத் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்துக் காயவிடுங்கள். வினிகர் சொட்டக் கூடாது. பளபளவென்று உலோகம் தெரிந்தால் போதும். பச்சை சில சமயம் முனையோடு நிற்காமல் அதில் பற்றவைத்த கம்பி வழியாக உள்ளேயும் ஏறியிருக்கும். முனை சுத்தமாக இருந்தும் கேமராவுக்கு உயிர் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கம்பியைத்தான். ரேடியோ, செல்போன் பழுது பார்ப்பவரே புதுக் கம்பி பற்றவைத்துத் தந்துவிடுவார்.

பேட்டரி போட்டதும் பின்பக்கத்தில் உள்ள பேட்டரி சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மேலே எத்தனையாவது படம் என்று காட்டும் கண்ணாடி பச்சையாக ஒளிர வேண்டும். பிறகு லென்ஸில் உள்ள வளையத்தை ‘ஆட்டோ’வில் வைத்து, வீட்டுக்குள் மங்கலான மூலையைப் பார்த்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு எரிய வேண்டும். ஷட்டர் 1/30 நொடியைவிட மெதுவாகப் போகிறது, கை ஆடும் என்று அதற்குப் பொருள். அபர்ச்சரை எஃப் 1.7-இல் (துளை முழுதாகத் திறந்த நிலை) வைத்து வெயிலைக் காட்டினால் சிவப்பு எரிய வேண்டும். வெளிச்சம் தாங்காது என்கிறது. கடைசியாக, முன்பக்கம் வெளிச்சத்தை அளக்கும் சின்னக் கண்ணை விரலால் மூடிக்கொண்டு பொத்தானை முழுதாக அழுத்துங்கள். திறக்கும்போது ஒரு ‘கிளிக்’, சில நொடி கழித்து மூடும்போது ஒரு ‘கிளிக்’ என்று இரண்டு சத்தம் பிரிந்து கேட்க வேண்டும். இருட்டிலும் ஒரே ‘கிளிக்’தான் என்றால் மின்சுற்று வேலை செய்யவில்லை.

இன்னொரு சத்தமும் உண்டு. ரோலை நகர்த்தும் லீவரை மெதுவாகத் தள்ளுங்கள். நல்ல எலெக்ட்ரோவில், லீவர் ஏறக்குறைய முழுத் தூரமும் போகும்போது உள்ளே ‘டொக்’ என்று கனமாக ஒன்று விழும். இந்தக் கேமராவை வைத்திருப்பவர்கள் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பது அதைத்தான். உள்ளே ஷட்டர் பொத்தானோடு சேர்ந்து இயங்கும் பாகத்தில் ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கிறது. ஐம்பது வருடத்தில் அது பொடியாகிவிடும். அது போனால் ‘டொக்’ நின்றுபோகும், விளக்குகள் தாறுமாறாகும், ஷட்டர் நேரமும் தப்பும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ‘மரணத் துண்டு’ என்று பயங்கரமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. அதே கனத்தில் கெட்டி ரப்பர் துண்டு வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அதுவரை கையைக் கொண்டுபோக கேமராவைப் பிரிக்க வேண்டும். முதல் கேமராவில் அதைச் செய்யாதீர்கள். பழைய கேமராக்களைப் பழுது பார்ப்பவரிடம் ‘டொக் சத்தம் வரவில்லை’ என்று சொல்லிக் கொடுங்கள். விஷயம் தெரிந்தவருக்கு அது புரியும். புரியாமல் விழித்தால் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

லென்ஸுக்கு வருவோம். நீங்கள் பார்த்த வலை ஃபங்கஸாக, அதாவது பூஞ்சையாக இருக்கலாம். கடலோர ஊரில் ஐம்பது வருடம் இருந்த கேமராவில் ஃபங்கஸ் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. பின்கதவைத் திறந்து, அபர்ச்சர் 1.7, வளையம் ‘பி’ (அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்). பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். இன்னொருவர் உதவிக்கு இருந்தால் சுலபம். ஓரத்தில் நாலைந்து இழை மட்டும் என்றால் கவலையே வேண்டாம், படத்தில் தெரியாது. இந்த 45 மி.மீ. கலர் யாஷினான் லென்ஸ் அருமையானது, அந்த அளவு அழுக்கை அலட்சியமாகத் தாங்கும். நடுவில் வலை பின்னியிருந்தால் படம் சாயம் போனது போல் வரும், சூரியனைப் பார்த்து எடுக்கும்போது இன்னும் மோசம். அதைத் துடைத்தாலும் பல நேரம் கண்ணாடியின் மேல்பூச்சு அரிக்கப்பட்ட தடம் நிற்கும். அதற்கு மருந்து கிடையாது.

வெயிலில் வைத்தால் ஃபங்கஸ் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அரித்த தடம் வெயிலுக்கு மறையாது, சூட்டில் உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் இளகி ஷட்டர் இதழ்களில் பரவும், அவ்வளவுதான் பலன். அதே காரணத்துக்காக, லீவர் கடினமாக இருக்கிறது, ஷட்டர் ஒட்டுகிறது என்று தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். இந்த ஷட்டர் இதழ்கள் உலர்ந்த நிலையில் ஓட வேண்டியவை. கேமராக்களைக் காலம் கொன்றதைவிட எண்ணெய் கொன்றது அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

விலையை இப்போது பேசலாம். விளக்குகள் எரிகின்றன, ‘டொக்’ கேட்கிறது, ஃபங்கஸ் ஓரத்தோடு நிற்கிறது என்றால் 3,500 நியாயம்தான், அதிகம் பேரம் பேச வேண்டாம். லென்ஸ் நன்றாக இருந்து விளக்கு எரியவில்லை என்றால் பாதி விலைக்குக் கேளுங்கள். மீதி பழுது பார்ப்பவருக்குப் போகும். லென்ஸின் நடுப்பகுதி போயிருந்தால் சும்மா கொடுத்தாலும் அலமாரி அழகுக்குத்தான். யாஷிகா நிறுவனம் 1983-இல் கியோசெராவுக்குள் போய்விட்டது. கியோசெரா 2005-இல் கேமராத் தொழிலையே விட்டுவிட்டது. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் இன்னொரு செத்த எலெக்ட்ரோவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வாங்கிய பிறகு வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை, அந்தக் கறுப்புப் பிசுபிசுப்பு. பின்கதவு வழியாக வெளிச்சம் புகாமலிருக்க வைத்த நுரைப் பட்டைதான் உருகி அப்படி ஆகியிருக்கிறது. பல்குச்சியின் முனையில் ஆல்கஹாலை நனைத்து, பள்ளங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுங்கள். அவசரப்பட்டால் அது ரோல் ஓடும் பாதையில் விழுந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் லென்ஸின் பின்பக்கத்தை மூடும்படி ஒரு காகிதத்தை வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முழுப் பள்ளமும் சுத்தமானதும் கறுப்புக் கம்பளி நூலை அதில் அழுத்திப் பதித்துக் கொஞ்சமாகப் பசை வையுங்கள். கீல் பக்கம் மட்டும் அகலம் அதிகம். அங்கே மெல்லிய கறுப்பு வெல்வெட் துணிப் பட்டை பொருந்தும். கதவு சிரமப்பட்டு மூடினால் நூல் தடிமன் அதிகம். வெளியே இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒப்பேற்றுபவர்களும் உண்டு, நம் ஊர்ச் சூட்டுக்கு அந்தப் பசை இளகி இன்னொரு பிசுபிசுப்பு சேரும்.

வியூஃபைண்டரின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டத்தில் உருவம் இரண்டாகத் தெரியும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். தூரத்தில் உள்ள செல்போன் கோபுரத்தைப் பார்த்து, வளையத்தை முடிவில்லாத் தூரக் குறிக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் நல்லது, தள்ளி நின்றால் அதையும் பழுது பார்ப்பவரிடம் சொல்லுங்கள். உள்ளே புகை படிந்திருக்கிறதே என்று மேல்மூடியைத் திறந்து கண்ணாடியைத் தேய்க்காதீர்கள். பாதி வெளிச்சத்தை விட்டுப் பாதியைத் திருப்பும் அந்தக் கண்ணாடியின் பூச்சு தேய்த்தால் கையோடு வந்துவிடும்.

அடுத்தது சோதனை ரோல். கலர் ரோல், கழுவுக் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதனால் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ முதல் ரோலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்) 200 உள்ள ரோல் போட்டு, கேமராவிலும் 200 என்று வைத்து, வெயில், நிழல், சாயங்காலம், டியூப்லைட் வெளிச்சம் என்று எல்லாவற்றிலும் சில படங்கள் எடுங்கள், அபர்ச்சரைக் குறித்துக்கொள்ளுங்கள். லீவரைத் தள்ளும்போது இடப்பக்கம் ரோலைத் திருப்பிச் சுற்றும் குமிழ் சேர்ந்து சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலாவிட்டால் ரோல் மாட்டவே இல்லை. மலிவாகக் கிடைக்கும் ரோல்களில் சில, சினிமா ஃபிலிமை வெட்டிச் சுருட்டியவை. பின்பக்கம் கரிப்பூச்சு உள்ள ஃபிலிமைச் சாதாரண லேப் மெஷினில் போட்டால் மெஷினே கெடும், ஆகவே கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

ரோலைக் கழுவியதும் நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் செய்பவர் வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடுவார், நெகட்டிவ் எதையும் மறைக்காது. எல்லாப் படமும் அடர்ந்து கறுத்திருந்தால் ஷட்டர் அதிக நேரம் திறக்கிறது. ‘டொக்’ சமாச்சாரத்தைத் திரும்பப் பாருங்கள். வெயில் படங்கள் மட்டும் நன்றாக இருந்து நிழலும் வீடும் வெளிறிப் போயிருந்தால் 1/500-இலேயே நிற்கிறது, பேட்டரித் தொடர்பு விட்டுப்போகிறது. படச் சட்டத்துக்கு வெளியேயும் கறுப்புக் கோடு ஓடினால் கதவின் நூலில் எங்கோ இடைவெளி.

ஒருவேளை மின்சுற்று தேறவே தேறாது என்று பழுது பார்ப்பவர் கைவிரித்தாலும் கேமரா வீணில்லை. ஐஎஸ்ஓ 400 ரோல் போட்டு, நல்ல வெயிலில் அபர்ச்சரை எஃப் 16-இல் வையுங்கள். 1/500 நொடி அதற்குக் கிட்டத்தட்டச் சரியான நேரம். மெல்லிய மேகம் வந்தால் 11, நன்றாக மூடிவிட்டால் 8, திறந்தவெளி நிழலில் 5.6 அல்லது 4. பேட்டரியே இல்லாமல் பகல் முழுக்க எடுக்கலாம். பொழுது சாய்ந்தால் மட்டும் கடையைக் கட்ட வேண்டும்.

கேமராவோடு பழுப்புத் தோல் உறையும் வரும். எடுத்துப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஃபங்கஸுக்கு அதுவே போதும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். ஈரத்தை இழுக்கும் என்று அரிசி டப்பாவில் கேமராவைப் புதைக்க வேண்டாம், மாவுத் தூசிதான் உள்ளே போகும்.