திறக்காத பாட்டில்

அன்புள்ள ஐயாவுக்கு,

மெல்பர்னில் வசிக்கிறேன். ஒயினில் ஆர்வமுள்ள நண்பர்கள் எட்டு பேர், ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து பகிர்ந்து குடிப்பது என்று சென்ற மாதம் என் வீட்டில் ஒரு விருந்து வைத்தோம். சாப்பாடு நம்மூர்ச் சாப்பாடு: மீன் குழம்பு, மட்டன் சுக்கா, மிளகு வறுவல். ஒரு நண்பர் 1996ஆம் வருடத்து போர்தோ, பிரான்ஸின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின், ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாரும் அதையேதான் சுற்றி நின்றோம். ஊற்றினால் ஒரே கலங்கல். வாயில் துவர்ப்பும் எரிச்சலும்தான் மிஞ்சின. அவர் முகம் வாடிவிட்டது. இன்னொரு நண்பர் தென் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் கொண்டுவந்திருந்தார். விலை இருபது டாலருக்குள். திருகு மூடி போட்டிருந்ததால் மட்டமான சரக்கு என்று நினைத்தோம் போல, யாரும் திறக்கவே இல்லை. பாட்டில் இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் அவர் ஏதோ வேலை என்கிறார். என் மனைவி குடிப்பதில்லை. அன்று மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுபடி செய்ய ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இப்படிப்பட்ட விருந்தை எப்படி நடத்துவது?

ஒரு வாசகர்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனம் அந்த ரீஸ்லிங் பாட்டிலிடமே போய் நின்றுவிட்டது. போர்தோவைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அன்று உங்கள் மேஜையில் மீன் குழம்புக்குப் பொருத்தமாக ஒரு ஒயின் இருந்தது என்றால் அது அந்த நண்பர் கொண்டுவந்ததுதான்.

காரணம் எளிது. மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டிவிடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை வறள வைக்கும். ஏற்கெனவே மிளகும் மிளகாயும் வேலை செய்துகொண்டிருக்கும் நாக்கில் இந்த இரண்டும் சேர்ந்தால் எரிச்சல்தான் கூடும். ரீஸ்லிங்கில் துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. எலுமிச்சையை நினைவூட்டும் புளிப்பு இருக்கிறது, குளிர்ச்சியாகக் குடிக்கிறோம், ஆல்கஹாலும் பெரும்பாலான ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்களைவிடக் குறைவு. புளி சேர்ந்த குழம்புக்குப் பக்கத்தில் புளிப்புள்ள ஒயின்தான் தாக்குப்பிடிக்கும்.

திருகு மூடி விஷயத்திலும் உங்கள் நண்பருக்கு நியாயம் சொல்ல வேண்டும். கார்க்கில் டிசிஏ என்று ஒரு ரசாயனம் சில சமயம் வந்துவிடும். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், ஒயினின் பழவாசனை முழுக்க அமுங்கி, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை மட்டும் நிற்கும். ரீஸ்லிங் போன்ற மென்மையான ஒயினில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுகூடி, 2000ஆம் வருட அறுவடையைத் திருகு மூடியில் அடைத்தார்கள். தங்கள் ஒயினைக் காப்பாற்றுவதற்காக எடுத்த முடிவு அது. விலையைக் குறைக்கும் எண்ணம் அதில் இல்லை. நல்ல கிளேர் ரீஸ்லிங் அந்த மூடிக்குள் பத்து வருடம், அதற்கு மேலும் அழகாக முதிரும்.

இனி போர்தோ. இருபத்தைந்து வருடம் தாண்டிய சிவப்பு ஒயினில் நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து மண்டியாகக் கீழே படிந்திருக்கும். அதைக் காரில் குலுக்கிக் கொண்டுவந்து அப்படியே ஊற்றினால் கலங்காமல் என்ன செய்யும்? விருந்துக்கு இரண்டு நாள் முன்பே அந்த பாட்டிலை உங்கள் வீட்டில் கொண்டுவந்து நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். பரிமாறும் நேரத்தில், பாட்டில் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மாற்றியபின் ரொம்ப நேரம் காத்திருக்கக் கூடாது, பழைய ஒயின் காற்றுப்பட்டால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். கூடவே உப்பும் நெய்யும் மட்டும் போட்டு வாட்டிய ஆட்டுக்கறியும் காளானும் போதும். அப்படிப்பட்ட பாட்டிலுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். அவர் அவ்வளவு வருடம் பாதுகாத்ததை உங்களோடு பகிர வந்தார். அந்த மனசுக்கு மரியாதை செய்ய அது ஒன்றே வழி.

சரி, எப்படி நடத்துவது என்று கேட்டீர்கள். பிரான்ஸில் பர்கண்டியின் மெர்சோ கிராமத்தில் 'போலே' என்றொரு விருந்து உண்டு. திராட்சை அறுவடை முடிந்ததும் தோட்டக்காரரும் வேலையாட்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் பழைய வழக்கம் அது. ழூல் லஃபோன் என்ற தோட்ட உரிமையாளர் 1923இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். இன்றும் நவம்பர் மூன்றாம் ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை நடக்கிறது. வருபவர்கள் தங்கள் பாட்டில்களைத் தாங்களே கொண்டுவருவார்கள். பக்கத்து மேஜைக்கு ஊற்றுவார்கள், அங்கிருந்து இங்கே வரும். முதலாளியும் கூலியாளும் சேர்ந்து உட்கார்ந்த பந்தியிலிருந்து பிறந்த விருந்து என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். நீங்கள் நடத்தப்போவதும் ஒரு பந்திதான். பந்தியில் ஒருவர் இலை மட்டும் காலியாகக் கிடந்தால் குறை பரிமாறியவருடையது.

அதனால் முதலில் பணத்தைப் பேசிவிடுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. அழைக்கும்போதே ஒரு விலை வரம்பு சொல்லுங்கள். உங்கள் எட்டு பேரில் யாருக்குக் கை கடிக்குமோ அவரை நினைத்து அந்த வரம்பை வையுங்கள். நாற்பது டாலர் என்றால் மெல்பர்னில் அருமையான பாட்டில்கள் கிடைக்கும். அதற்கு மேல் ஒருவரும் கொண்டுவரக் கூடாது, ஆசைப்பட்டாலும்.

அப்புறம் விருந்துக்கு ஒரு கருப்பொருள் வையுங்கள். ஆளாளுக்குத் தோன்றியதைக் கொண்டுவந்தால் எது பெரிது என்ற போட்டி தானாக வந்துவிடும். உங்கள் ஊரைச் சுற்றியே பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சை விளையும் மூன்று பகுதிகள் இருக்கின்றன: யாரா பள்ளத்தாக்கு, மார்னிங்டன் தீபகற்பம், ஜீலாங். யாராவில் 1838இலேயே திராட்சை நட்டார்கள். ஜீலாங்கில் 1877இல் திராட்சை வேரை அழிக்கும் பிலாக்ஸெரா பூச்சி கண்டுபிடிக்கப்பட்டு, அரசாங்க உத்தரவின் பேரில் கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். திரும்ப நட ஆரம்பித்தது 1960களில்தான். பகுதிக்கு இரண்டாக ஆறு பேர் ஆறு பாட்டில் கொண்டுவரட்டும். மீதி இருவர் சேர்ந்து பர்கண்டியிலிருந்து ஒன்று வாங்கட்டும். ஒரே திராட்சை, நான்கு மண். பேசுவதற்கு அன்றைக்கு அது போதும்.

பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டுவிடுங்கள். 1976 மே 24 அன்று பாரிஸில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பெயரை மறைத்துப் பரிமாறியபோது, பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேரின் மதிப்பெண்களில் கலிபோர்னியாவின் 1973ஆம் வருட ஒயின்கள் இரண்டு, வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக, போர்தோவையும் பர்கண்டியையும் தாண்டி முதலிடம் பிடித்தன. பெயர் தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் தாள் சுற்றியிருந்தால் அந்த ரீஸ்லிங்கை யாராவது திறந்திருப்பார்கள்.

அளவு விஷயத்தில் என் அனுபவம் கசப்பானது. நானும் சில வருடம் மெல்பர்னில் இருந்தேன். எங்கள் குழுவின் இரண்டாவது விருந்தில் தாராளமாக ஊற்றிக்கொண்டே போனோம். எல்லாரையும்விட வயதில் மூத்த நண்பர் கொண்டுவந்த பாட்டில் கடைசிக்கு இருந்தது. அது திறக்கப்பட்டபோது யாருக்கும் நாக்கும் இல்லை, நிதானமும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியது இன்றும் என்னை உறுத்துகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பாட்டில் 750 மில்லி. எட்டு பேர், எட்டு பாட்டில் என்றால் தலைக்கு ஒரு முழு பாட்டில், ஆஸ்திரேலியக் கணக்கில் ஏறக்குறைய எட்டு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' (ஒன்றில் பத்து கிராம் ஆல்கஹால்). அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் சொன்ன வரம்பு ஒரு நாளைக்கு நான்கு, வாரத்துக்குப் பத்து. எனவே ஆளுக்கு 50 மில்லி மட்டும் ஊற்றுங்கள். எட்டு பாட்டிலுக்கும் சேர்த்து 400 மில்லி, நான்குக்குப் பக்கத்தில் நிற்கும். 50 மில்லி எவ்வளவு என்று முதலிலேயே தண்ணீரை அளந்து கிளாஸில் ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். பாட்டிலில் மிஞ்சுவதை மூடி, கொண்டுவந்தவரிடமே கொடுத்து அனுப்புங்கள். உங்கள் விக்டோரியா மாநிலத்தில் வண்டி ஓட்ட ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம்தான் எல்லை. யார் யாரோடு டாக்ஸியில் போவது என்பதை முதல் பாட்டில் திறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடு என்பது குளிர்ந்த கல் வீடுகளுக்குச் சொன்னது. மெல்பர்ன் கோடையில் அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். கிளாஸ் போதாவிட்டால் ஆளுக்கு இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைப்பூ, சென்ட் எதுவும் அன்று மேஜைப் பக்கம் வேண்டாம். தாளிப்பை விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். யாருடைய பாட்டிலாவது கார்க் கெட்டுப்போனதாக இருந்தால், அது கொண்டுவந்தவர் குற்றமில்லை என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

உங்கள் மனைவியைப் பற்றி எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. எங்கள் குழுவில் குடிக்காத தோழி ஒருவர் இருந்தார். ஒயினில் பாதிக்கு மேல் மூக்கின் வேலை, முகர்வதற்குக் குடிக்க வேண்டியதில்லை. அவர் ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்து, 'நாவற்பழம்', 'ஈர மண்', 'பழைய புத்தகம்' என்று சொல்வார். ஆறு மாதத்தில் எங்களில் கூர்மையான மூக்கு அவருடையதுதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். ஆனால் உங்கள் மனைவிக்கு இதில் விருப்பம் உண்டா என்று அவரிடமே கேளுங்கள். இல்லையென்றால் அன்று அவர் தன் தோழிகளோடு வெளியே போகட்டும். சமைத்துப் பரிமாறிவிட்டு ஓரமாக உட்காரும்படி மட்டும் விடாதீர்கள். சமையலை நீங்கள் எட்டு பேரும் பிரித்துக்கொள்ளலாம்.

பினோ நுவார் விருந்தை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். அந்த ரீஸ்லிங் நண்பரை ஃபோனில் கூப்பிடாதீர்கள், அவர் வீட்டுக்கே போங்கள். உங்கள் பாட்டிலைத் திறக்காமல் விட்டது எங்கள் தப்பு என்று நேராகச் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை அதே மீன் குழம்பை வையுங்கள். காலையிலேயே அந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, பரிமாறும் முன் பத்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். மூடியை அவரே திருகித் திறக்கட்டும். போர்தோ நண்பரை அவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அன்று குழம்போடு அது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.