வணிக ஆய்வு என்றால் என்ன? தலைமைக்கும் அரசுக் கொள்கைக்கும் ஊருக்கும் அதனால் என்ன பயன்?

தொழிலில் ஒரு மாற்றம் செய்தபின் உண்மையில் என்ன நடந்தது என்று கணக்கு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வணிக ஆய்வு.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பூ உதிர்கிறதென்று தோப்பு முழுக்க மருந்தடித்தால், காய் பிடித்தது மருந்தாலா, அந்த வருஷத்துப் பருவத்தாலா என்று சொல்ல முடியாது. நாலு வரிசைக்கு அடித்து, நாலு வரிசையை விட்டுவைத்தால்தான் தெரியும்.

மும்பையை ஒட்டிய நெசவு ஆலைகளில் ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். சில ஆலைகளுக்கு மட்டும் மாதக்கணக்கில் கூடவே இருந்து, இயந்திரப் பராமரிப்பு, பழுதான துணியைக் குறித்து வைப்பது, நூல் இருப்புக் கணக்கு என்று பழக்கினார்கள். முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. நல்ல தலைமையில் பெரும்பகுதி இந்த மாதிரிச் சின்னப் பழக்கங்கள்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம், கேரளா. 1997 முதல் 2001 வரை அங்கே கடற்கரைக்கு செல்போன் வந்த காலத்தில், ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் மத்தி மீன் விற்பனையை ஆராய்ந்தார். அதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள். பக்கத்துக் கரையில் மீனே இருக்காது. போன் வந்தபின் படகிலிருந்தே விலை கேட்டுக் கரை சேர்ந்தார்கள். மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, மீன் வாங்குகிறவர் கொடுக்கும் விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. விலைத் தகவல் கிடைக்கச் செய்வதும் அரசு செய்யும் உதவிதான் என்பது பாலக்கோடு சந்தையில் தக்காளிக் கூடையோடு நிற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

வணிக ஆய்வு முதலாளிக்கு லாபம் பெருக்கித் தரும் வேலை மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மத்தி மீன் கணக்கில் பலன், மீன் வாங்குகிறவர் வீட்டு அடுப்பு வரை போயிருக்கிறது.