அடுத்த மாத வாடகையை யார் தருவார்?

கடிதம்:

அன்புள்ள அக்கா,

கல்லடியில் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு இருக்கிறது. கணவருக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்துவிட்டது, ஒக்டோபரில் எல்லோரும் போகிறோம். வீட்டை மாதம் 25,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கொடுக்கப் பார்க்கிறோம், இதுதான் முதல் தடவை. இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வங்கி ஊழியர், ஒரு வருட வாடகையை ஒரேயடியாக அட்வான்ஸாகத் தருகிறேன் என்கிறார். மற்றவர் கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், வீட்டில் இருந்து தைக்கிறார், வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தருகிற அஸ்வெசும உதவி எடுக்கிறார். அவருக்கு ஒரு தொண்டு நிறுவனம் மாதம் 15,000 வாடகை உதவி தருமாம், மீதி 10,000 அவர் கட்டுவாராம். எனக்கு அவருக்குக் கொடுக்கத்தான் விருப்பம். கணவரோ, "உதவியில் இருக்கிற ஆக்களை எடுத்தால் பிறகு எழுப்ப ஏலாது" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், அங்கே அரசாங்க உதவி பெறுகிறவர்களுக்குத்தான் தன் வீட்டைக் கொடுத்திருப்பதாகவும் வாடகை ஒரு நாளும் பிந்துவதில்லை என்றும் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? குசினிக் கூரை கொஞ்சம் ஒழுகும், அப்படியே கொடுக்கலாமா?

வாசகி, கல்லடி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் ஒன்று. கடிதம் முழுக்க "கணவர் சொல்கிறார்", "அண்ணன் சொல்கிறார்" என்றே எழுதியிருக்கிறீர்கள். சீதன வீடு, உறுதி உங்கள் பெயரில். எங்கள் மட்டக்களப்பில், தமிழராக இருந்தாலும் முஸ்லிம்களாக இருந்தாலும், வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. ஆனால் வாடகை பேசும்போது மட்டும் அவள் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பாள். நானும் அப்படித்தான் நின்றேன். ஒப்பந்தத்தில் வீட்டுக்காரியாகக் கையெழுத்து வைக்கப் போவது நீங்கள், அதனால் பேசும் இடத்திலும் நீங்கள் இருக்க வேண்டும்.

இப்போது உதவி விசயம். 2007இல் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சண்டை நடந்து சனங்கள் ஆற்றைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்தபோது, என் வீட்டின் பின்பக்க இரண்டு அறையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். ஆறு மாத வாடகையைத் தாங்கள் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. வாயால் சொன்னதுதான், கடிதம் எதுவும் இல்லை. நாலு மாதம் ஒழுங்காக வந்தது. ஐந்தாம் மாதம் வரவில்லை. போய்க் கேட்டால் திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள், நிறுவனத்தில் இருந்து வந்துபோன பிள்ளையும் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தை நான் அந்த நிறுவனத்திடம் காட்டவில்லை, பின்பக்கம் போய் அந்த மனுசியிடம் காட்டினேன். அவ ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அங்கர் பால்மாப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து திறந்தா. அதற்குள் வாடகை கிடைத்ததென்று நான் எழுதிக் கொடுத்த நாலு துண்டும் மடித்தபடி இருந்தன, அதற்குக் கீழே ரப்பர் பட்டி போட்ட இருபது ரூபாத் தாள்கள். நிறுவனம் நிறுத்தியது அவவுக்கும் தெரியாது. அன்றைக்கு நான் பேசிய பேச்சு இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

ஆகவே உங்கள் கணவரின் பயத்துக்கு என் பதில் இதுதான்: பிரச்சினை உதவி வாங்குகிற ஆளிடம் இல்லை. உதவி தருகிறவர் எவ்வளவு, எந்தத் திகதி வரைக்கும், யார் கையில் தருவார், நின்றுபோனால் அடுத்த மாதம் என்ன என்பது எழுத்தில் இல்லாததுதான் பிரச்சினை. அண்ணன் சொல்வதும் உண்மைதான், ஆனால் அது வேறு ஏற்பாடு. அவர் சொல்வது செக்‌ஷன் எயிட் என்ற திட்டமாக இருக்க வேண்டும், 1974இல் அமெரிக்க அரசாங்கம் சட்டமாகக் கொண்டுவந்தது. குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 வீதத்தைக் கட்ட, மீதியை வீடமைப்பு அதிகாரசபை நேரே வீட்டுக்காரருக்கே அனுப்பும். அதற்கு முதல், ஆள் வந்து வீட்டைப் பார்த்து, ஒழுக்கு, கரண்ட் எல்லாம் சரியா என்று சோதிப்பார்கள், வீட்டுக்காரரோடு தனி ஒப்பந்தமும் வைப்பார்கள். உங்கள் கல்லடியில் அப்படி ஒரு சபை உங்களுக்குப் பணம் அனுப்பப் போவதில்லை. அஸ்வெசுமவும் வாடகை உதவி இல்லை, அது அந்தக் குடும்பம் அரிசி, மரக்கறி வாங்கவும் பிள்ளைகளின் செலவுக்கும் வருகிற காசு. மிக வறிய குடும்பத்துக்கே 2025 சனவரியில்தான் 17,500 ஆக்கினார்கள். அதை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.

அந்த நிறுவனத்திடம் ஒரு கடிதம் கேளுங்கள், அவர்களுடைய தலைப்புக் கடதாசியில். 15,000 ரூபா எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரைக்கும், உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வருமா, நிறுத்துவதாக இருந்தால் எத்தனை மாதத்துக்கு முதல் உங்கள் இரண்டு பேருக்கும் சொல்வார்கள். கடிதம் தரமாட்டோம் என்றால் அந்த 15,000 இல்லை என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பிறகு அந்தத் தங்கச்சியோடு தனியாக இருந்து, உதவி நின்றால் அவவால் எவ்வளவு ஏலும் என்று கேளுங்கள். அந்த 10,000தான் ஏலும் என்றால் அது உங்களுக்குப் போதுமா? இதை இப்போதே கேட்பது இரக்கமில்லாத வேலை இல்லை. ஐந்தாம் மாதம் படலையில் நின்று கேட்பதுதான் இரக்கமில்லாதது.

ஒப்பந்தத்தை முத்திரை ஒட்டிய கடதாசியில் நீங்களே எழுதி முடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருந்து எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும், அது 1840இல் இருந்து இருக்கிற சட்டம். இரண்டு பேரில் யாருக்குக் கொடுத்தாலும் இதுதான். எழுப்ப ஏலாது என்ற பயமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், வங்கி ஊழியர் எழும்ப மறுத்தாலும் நீங்கள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வாக்காளர் இடாப்பில் உங்கள் விலாசத்தில் பதிந்தால் வீடு போய்விடும் என்றும் பயமுறுத்துவார்கள். வாடகை கட்டிக்கொண்டு இருக்கிறவர் உங்களுக்குக் கீழேதான் இருக்கிறார், பதிவால் அவருக்கு உரித்து வராது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அந்தப் பதிவு அவவுக்குத் தேவைப்படும், மறுக்காதீர்கள்.

வங்கிக்காரரின் மூன்று இலட்சம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அது பன்னிரண்டு மாத வாடகை, சேமிப்பு இல்லை. மார்கழியில் தண்ணி மோட்டர் எரிந்தால் காசு எங்கே இருந்து வரும்? ஆறாம் மாதம் அவருக்கும் இடமாற்றம் வந்தால் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குவதென்றால் தொடாமல் போட்டு வையுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், கடிதம் கிடைத்தால் தையல்காரத் தங்கச்சிக்குத்தான் கொடுப்பேன். பகலில் வீட்டில் இருக்கிற ஆள், இரண்டு பிள்ளைகளோடு அடிக்கடி வீடு மாறவும் விரும்பமாட்டா.

சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் எண்ணை இரண்டு பேரும் பார்த்து ஒப்பந்தத்தின் பின்பக்கம் எழுதுங்கள், ஒவ்வொரு அறையையும் போனில் படமெடுத்து அவவுக்கும் அனுப்பி விடுங்கள். மாதா மாதம் துண்டு கொடுங்கள். குசினிக் கூரையை அப்படியே கொடுக்க வேண்டாம். ஒக்டோபரில் குடி வந்தால் அடுத்த மாதமே மழை கொட்டும், தையல் மெசினும் மற்றவர்களின் துணியும் இருக்கிற வீடு அது. இந்தக் கிழமையே ஓட்டு வேலைக்காரரைக் கூப்பிடுங்கள், மழை தொடங்கினால் ஆள் கிடைக்காது.