நுண்ணறிவு என்றால் என்ன? மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே வரையறை பொருந்துமா?

பொருந்தும். பழக்கமில்லாத ஒரு சிக்கலை, குறைந்த அனுபவத்தை வைத்து எவ்வளவு சீக்கிரம் தீர்க்கக் கற்றுக்கொள்கிறோம் என்பதே நுண்ணறிவு. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் பிரான்சுவா ஷோலே 2019-இல் இந்தக் கருத்தை முன்வைத்து, ஆர்க் என்ற சோதனையையும் உருவாக்கினார். வண்ணக் கட்டங்களில் சில எடுத்துக்காட்டுகளைப் பார்த்து, மறைந்திருக்கும் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

திறமையை மட்டும் அளந்தால் ஏன் போதாது? 1997-இல் டீப் புளூ என்ற சதுரங்கக் கணினி நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசி, உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. ஆனால் குதிரை நகரும் விதியை மாற்றிவிட்டால், பொறியாளர்கள் அதை மாற்றியமைக்கும்வரை அதனால் ஆடவே முடியாது. மனிதரோ புது விதியை ஒருமுறை கேட்டதும் காயை நகர்த்தத் தொடங்கிவிடுவார்.

தினமும் ஒரே பாதையில் வண்டி ஓட்டுபவர் வேகமாகத்தான் போவார். பாலம் வேலைக்காக அந்தச் சாலையை அடைத்தால்தான், ஊரை அறிந்தவர் யார், பாதையை மனப்பாடம் செய்தவர் யார் என்பது தெரியும். தேர்வுக் கேள்விகள் பயிற்சித் தரவிலேயே கலந்துவிட்டால், சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகளின் மதிப்பெண்ணும் இந்த மனப்பாடத்தைத்தான் காட்டும். அளவிடுபவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

ஐ.க்யூ. என்பது மூளையில் இருக்கும் அறிவின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரே வயதினரின் சராசரியை 100 என்று வைத்து, அவர்களோடு ஒப்பிட்டால் ஒருவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதை மட்டுமே காட்டும். ஆகவே ஓர் இயந்திரத்துக்கு ஐ.க்யூ. எண் கொடுப்பதில் பொருளில்லை.