லைலா எந்த வழியாக வரவேண்டும்?

கேள்வி: பாரசீகக் கவிஞர் நிஜாமியின் 'லைலா மஜ்னு'வை ருடால்ஃப் கெல்ப்கேயின் ஆங்கில உரைநடையில் படித்தேன். அதையே தமிழாக்கித் தொடராக வெளியிடலாமே? பாரசீகம் தெரிந்தவர்தான் வேண்டும் என்று ஏன் அடம் பிடிக்கிறீர்கள்? கவிமணி உமர் கய்யாமை ஆங்கிலத்திலிருந்துதானே தமிழுக்குத் தந்தார்?

பதில்: கவிமணியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் கையில் இருந்தது 1859இல் முதலில் வெளிவந்த ஃபிட்ஜெரால்டின் ஆங்கில நூல். தனித்தனியாக நிற்கும் ருபாயிகளை, அதாவது நாலடிப் பாட்டுகளை, ஃபிட்ஜெரால்டு விடியலில் தொடங்கி நிலவெழும்போது முடியும் ஒரே பாட்டாகக் கோத்தார். பலவற்றை ஒன்றோடொன்று பிசைந்துவிட்டதாக அவரே நண்பருக்கு எழுதினார். அங்கே கவிதை நூல் என்று மட்டும் இருந்த இடத்தில் கவிமணி 'கையில் கம்பன் கவியுண்டு' என்று பாடினார். அந்த வரி எனக்கு உயிர். ஆனால் அது கவிமணியின் வரி. நாஞ்சில் நாட்டுக் கவிஞர் ஒருவரின் மனம் அதில் தெரிகிறது, உமரின் ஊரான நிஷாப்பூர் தெரியவில்லை. கவிமணி இருந்தார், அதனால் நமக்கு ஒரு நல்ல தமிழ்ப் பாட்டு கிடைத்தது. அதை எல்லோருக்குமான வழியாக்க முடியாது.

இனி நீங்கள் படித்த நூல். கெல்ப்கே முதலில் ஜெர்மன் உரைநடையில் செய்தார். பிறகு இன்னும் இருவரோடு சேர்ந்து 1966இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூலமோ 1188இல், இன்றைய அசர்பைஜானில் உள்ள கஞ்சா என்ற நகரத்தில் எழுதப்பட்ட, 4,000க்கும் மேற்பட்ட ஈரடிகள் கொண்ட செய்யுள். அதன் முகப்புப் பகுதிகளை கெல்ப்கே விட்டுவிட்டார். இந்தக் கதையைப் பாடச்சொல்லி ஷிர்வான் நாட்டு மன்னரின் கடிதம் வந்ததும் நிஜாமி தயங்கியது அங்கேதான் இருக்கிறது. தோட்டமில்லை, ஆறில்லை, அரச விருந்தில்லை, வெறும் மணலும் துயரமும் உள்ள கதையை எப்படிப் பாடுவது என்று கவலைப்படுகிறார். பதினான்கு வயது மகன் முகம்மது வற்புறுத்திய பிறகே எழுத உட்காருகிறார். நான்கு மாதத்துக்குள் முடிக்கிறார். இவை இல்லாமல் 'நிஜாமி' என்று அட்டையில் போட எனக்கு மனம் வரவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. மஜ்னூன் என்றால் அரபியில் ஜின் பிடித்தவன். ஊர் ஏசிய அந்தச் சொல்லையே சூஃபிகள் உயர்த்திப் பிடித்தார்கள். ஆங்கிலத்தில் அது வெறும் பைத்தியம் ஆகிவிடுகிறது. நம்மிடமோ பித்தன் என்ற சொல் இருக்கிறது. சுந்தரர் 'பித்தா பிறைசூடி' என்று இறைவனையே அழைத்த மொழி இது. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுகிறவர் கைக்கு இந்தச் சொல் எப்படி வரும்?

மஜ்னுவின் இயற்பெயர் கைஸ். அவன் செய்த குற்றத்தையும் பாருங்கள். காதலித்தது மட்டுமல்ல, லைலாவின் பெயரைச் சொல்லித் தெருவில் பாடினான். பெண்ணின் தந்தை மணமுடித்துத் தர மறுக்கிறார். ஆங்கிலத்தில் படித்தால் தந்தை கல்நெஞ்சராகத் தோன்றுவார். 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்', அதாவது காதல் பாட்டில் யாரையும் பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்று அகத்திணைக்கு விதி வைத்த தொல்காப்பியத்தின் வழியில் வந்தவர்களுக்கு அந்த மானப் பிரச்சினை சட்டென்று புரியும்.

லைலா விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அவளை வெறும் நிழலாக்கும் சுருக்கங்களே அதிகம். நிஜாமியின் லைலா, கட்டிவைத்த கணவன் இப்னு ஸலாமை அண்டவிடாமல் அறைகிறாள். அவன் இறந்ததும் கைம்பெண் துக்கம் என்ற போர்வையில், மஜ்னுவுக்காக முதன்முறையாக வாய்விட்டு அழுகிறாள். அந்த அழுகையின் இரட்டைப் பொருள் செய்யுளின் ஒவ்வொரு சொல்லிலும் இருக்க வேண்டியது.

ஆங்கிலத்தில்தான் படிப்பேன் என்றால் டிக் டேவிஸ் 2020இல் பாரசீகத்திலிருந்து நேரே செய்யுளாகத் தந்ததைப் படியுங்கள்.

பாரசீகம் நமக்கு எட்டாத மொழியும் அல்ல. அமீர் குஸ்ரோ டில்லியில் இருந்துகொண்டு 1299இல் இதே கதையைப் பாரசீகத்தில் பாடினார். ஆற்காட்டு நவாபு தர்பாரின் மொழி அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. அங்கே படித்து, தமிழ்ச் செய்யுளிலும் கை பழகியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எங்களுக்கு எழுதுங்கள். முதலில் முப்பது ஈரடிகள் போதும், அவற்றிலிருந்து தொடங்கலாம்.